விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிப்பது எப்படி?

வண்டிக் கேள்விகளுக்கு ஊட்டி மெக்கானிக் பதில்

கேள்வி: விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் கேனோடு தலைக்குந்தாவிலிருந்து ஊட்டிக்குக் கிளம்புகிறேன். 100 சிசி வண்டி. மார்கழி, தை வந்தால் விரல் மரத்துவிடுகிறது. கிளட்சைப் பிடித்தேனா விட்டேனா என்றே தெரிவதில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கிளவுஸ் போட்டும் பிரயோஜனமில்லை. ஹேண்டில் கிரிப்பைச் சூடாக்கும் ஹீட்டர் மாட்டலாமா?
- பால் வியாபாரி ஒருவர், தலைக்குந்தா

பதில்: முதல் வேலையாக அந்த இரண்டாவது கிளவுஸைக் கழற்றுங்கள் தம்பி. இறுக்கிப் பிடிக்கிற கிளவுஸ் விரலுக்கு வரும் ரத்தத்தைத்தான் தடுக்கும். முஷ்டி மடக்கிப் பாருங்கள். விரல் நுனியில் துணி இழுத்தால் அந்த சைஸ் உங்களுக்குச் சின்னது. உள்ளே மெல்லிய கம்பளி, வெளியே ஒரு சைஸ் பெரிய லெதர். இடையில் கொஞ்சம் காற்று நிற்க வேண்டும், சூட்டைக் காப்பது அதுதான். காட்டன் கிளவுஸ் நம்ம ஊர் நீர்ப்பனியில் பத்து நிமிஷத்தில் ஈரமாகிவிடும், வேண்டவே வேண்டாம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் கிளவுஸைவிடக் காற்றுதான் பெரிய எதிரி. 5 டிகிரி குளிரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், தோலுக்கு அது பூஜ்யத்துக்கும் கீழேதான். அதிலும் தலைக்குந்தா பள்ளம். ராத்திரி வானம் தெளிந்திருந்தால் குளிர்ந்த காற்று கனத்து, பள்ளம் பார்த்து இறங்கித் தங்கிவிடும். மேட்டுத் தெருவில் ஒன்றுமில்லாத நாளிலும் உங்கள் பக்கம் புல்வெளி வெள்ளையாகக் கிடப்பது அதனால்தான். அந்த இடம் தாண்டும்வரை வேகத்தைக் குறையுங்கள். நிழல் விழும் வளைவில் ரோட்டிலும் பனி உறைந்திருக்கும் என்பதால் அது எப்படியும் நல்லது.

காற்றைத் தடுக்க, கைக்கு முன்னால் மறைப்பாக நிற்கும் ஹேண்ட்கார்டு மாட்டுங்கள். கடையில் வாங்க வசதியில்லை என்றால் பழைய ஐந்து லிட்டர் ஆயில் கேன் போதும். என் பட்டறைக்கு வரும் காய்கறி வண்டிக்காரர்களுக்கு அப்படித்தான் செய்து தருகிறேன். கேனின் வளைந்த மூலையை வெட்டி, ஓரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணாடி மாட்டும் போல்ட்டில் ஒரு பட்டை வைத்து முறுக்க வேண்டும். முறுக்கிய பிறகு ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். கேபிள் இழுக்கக் கூடாது. லீவரை முழுசாக அழுத்தி விட்டால் பிளாஸ்டிக்கில் உரசாமல் திரும்ப வேண்டும். உரசினால் இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள். இதில் அவசரம் கூடாது, பிரேக் விஷயம்.

ஹீட்டர் கேட்டீர்கள். நல்ல பொருள்தான், உங்கள் வண்டிக்கு நான் சொல்ல மாட்டேன். முழுச் சூட்டில் முப்பது, நாற்பது வாட் இழுக்கும். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்றால் ஹெட்லைட் வேறு எந்நேரமும் எரிகிறது. நீங்களோ வீட்டுக்கு வீடு நிறுத்தி, ஐடிலில் விட்டு, மறுபடி செல்ஃப் அடிக்கிறவர். பேட்டரி தாங்காது. பெரிய வண்டி, நீளமான ஓட்டம் என்றால் மாட்டலாம். அப்போதும் ரிலே என்கிற மின் சுவிட்ச் வைத்து, சாவியை அணைத்தால் ஹீட்டரும் அணைகிற மாதிரி வயர் இழுக்கச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, நெஞ்சு. உடம்பு குளிர்ந்தால் முதலில் விரல் நுனிக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும். இதயத்தையும் குடலையும் காப்பாற்றப் பார்க்கும். நெஞ்சும் கழுத்தும் சூடாக இருந்தால்தான் கைக்குச் சூடு வரும். ஸ்வெட்டருக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் இரண்டு தாள் செய்தித்தாள் வையுங்கள், காற்று உள்ளே வராது. கழுத்துக்கு மப்ளர். கிளவுஸின் வாய் ஜாக்கெட் கைக்கு மேல் ஏறி நிற்கட்டும். மணிக்கட்டு திறந்திருந்தால் மற்றதெல்லாம் வீண்.

பால் ஊற்றும்போது கிளவுஸைக் கழற்றி டேங்க் மேல் வைப்பீர்கள், பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நிமிஷத்தில் அது ஜில்லென்றாகிவிடும். சட்டைக்குள் செருகிக்கொள்ளுங்கள். ஈரக் கையைத் துடைக்காமல் கிளவுஸ் போடாதீர்கள். இடுப்பில் ஒரு துண்டு இருக்கட்டும்.

அப்படியும் மரத்துவிட்டால் வண்டியை ஓரம் கட்டி, கையை நீட்டிப் பெரிய வட்டமாகப் பலமுறை சுழற்றுங்கள். அந்த வேகத்தில் ரத்தம் நுனிக்கு ஓடும். சைலன்சரில் மட்டும் கை வைக்கவே கூடாது. மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது, தோல் வெந்த பிறகுதான் தெரியும்.

கேள்வி: ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகிறேன். குளிர்காலத்தில் சில விரல்கள் மட்டும் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, பிறகு நீலமாகி, வகுப்புக்குள் போனதும் சிவந்து வலிக்கின்றன. என்ன கிளவுஸ் வாங்கலாம்?
- ஆசிரியை, கோத்தகிரி

பதில்: டீச்சர், கிளவுஸ் வாங்கும் முன் டாக்டரைப் பாருங்கள். வெளுப்பு, நீலம், சிவப்பு என்று விரல் நிறம் மாறுவதற்கு ரேனாட் என்று ஒரு பெயர் உண்டு. குளிருக்கு ரத்தக்குழாய் அளவுக்கு மீறிச் சுருங்குவது அது. பலருக்கு ஆபத்தில்லை, சிலருக்கு வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். மெக்கானிக் தீர்ப்பு சொல்லக்கூடாத இடம் இது.

வண்டிக்கு நான் சொல்வது, ஹேண்டிலோடு சேர்த்து மூடும் உறை. வடநாட்டுக் குளிரில் ஸ்கூட்டர்களில் பார்த்திருப்பீர்கள், கையை உள்ளே நுழைத்து ஓட்டுவார்கள். வாய் அகலமானதாக வாங்குங்கள், கை ஒரே இழுப்பில் வெளியே வர வேண்டும். ஹாரன், இண்டிகேட்டர் சுவிட்சைப் பார்க்காமல் தடவியே போடப் பழகிய பிறகு ரோட்டுக்கு வாருங்கள். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், அதுவும் ரத்தத்தை நெருக்கும்.

கேள்வி: ஜனவரியில் நண்பர்களோடு கோவையிலிருந்து பைக்கில் ஊட்டி வருகிறோம். விடியும்போது மேலே இருக்க ஆசை. கிளவுஸ் எங்கே போட வேண்டும்?
- கல்லூரி மாணவர், கோவை

பதில்: மலைப்பாதையில் குன்னூருக்கு முன்னால் வரும் பர்லியாரில் போடுங்கள், கை இன்னும் சூடாக இருக்கும்போதே. குளிர்ந்த கையில் கிளவுஸ் மாட்டினால் அது குளிரைத்தான் காக்கும். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் ஏறக்குறைய 1,900 மீட்டர் உயர வித்தியாசம், பன்னிரண்டு டிகிரி வரை குறையும். விடியலுக்குச் சற்று முன்னும் பின்னும்தான் குளிர் உச்சம். என்னைக் கேட்டால் குன்னூரில் நிறுத்தி, டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு, வெயில் ரோட்டில் விழுந்த பிறகு மேலே ஏறுங்கள்.