பாடத்தை ஏற்றும் முன் செட்டிங்ஸைப் பாருங்கள்

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் ஒரு கலைக் கல்லூரியில் பொருளியல் பாடம் எடுக்கிறேன். இந்த செமஸ்டரில் இருந்து நோட்ஸ், அசைன்மென்ட், இன்டர்னல் தேர்வு எல்லாமே மூடுல் மென்பொருள் வழியாகத்தான் என்று சொல்லிவிட்டார்கள். நோட்ஸை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக ஏற்றினேன். வந்த அசைன்மென்டில் பாதிக்கு மேல் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. சித்தேரி, அஞ்செட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் ஊருக்குப் போனால் சிக்னல் கிடைப்பதில்லை. இதில் லாகின் எண்ணிக்கையை வைத்து வருகைப் பதிவும் போடச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் சொல்லும் நான்கு சிக்கலுக்கும் வேர் ஒன்றுதான். இப்படிப்பட்ட மென்பொருளில் எது சுலபமோ அதுவே வகுப்பின் பழக்கமாகிவிடும். மூடுலில் மிகச் சுலபமான வேலை கோப்பை இழுத்துப் போடுவது. அதனால்தான் பல கல்லூரிகளில் அது நோட்ஸ் அடுக்கும் பீரோவாகவே இருக்கிறது. ஆனால் மார்ட்டின் டூகியாமாஸ் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருந்து 2002இல் இதன் முதல் பதிப்பை வெளியிட்டபோது அவர் மனத்தில் இருந்தது வேறு: மாணவர்கள் தாங்களே ஒன்றை ஆக்கி, மற்றவர்களோடு பேசிக் கற்க வேண்டும் என்பது. அதற்கான கருவிகள் உள்ளே இருக்கின்றன. தேடிப் போய்த்தான் எடுக்க வேண்டும்.

முதலில் காப்பி. 'தேவை நெகிழ்ச்சி என்றால் என்ன, வகைகளை விளக்குக' என்று கேட்டால் 'விலை மாறும்போது தேவை எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவு' என்ற ஒரே விடைதான் வரும். அதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, கேள்வி அப்படி. 'பாலக்கோடு மண்டியில் தக்காளி வரத்து கொஞ்சம் கூடினாலும் விலை பாதாளத்துக்குப் போவது ஏன்? உங்கள் வீட்டிலோ பக்கத்துக் காட்டிலோ விற்ற ஒருவரிடம் விசாரித்து எழுதுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள். இதை அசைன்மென்டாக வைக்காமல், ஃபோரம் பகுதியில் 'கேள்வி பதில்' வகையைத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். அந்த வகையில் ஒரு மாணவர் தன் பதிலைப் போட்ட பிறகுதான் மற்றவர்களின் பதில் அவர் கண்ணில் படும். அதுவும் உடனே இல்லை. பதிலைத் திருத்திக்கொள்ளும் நேரம், வழக்கமாக 30 நிமிடம், முடிந்த பிறகே திறக்கும். அப்புறம் இரண்டு பேருக்காவது மறுமொழி எழுதச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் விடையை அனுப்பிக்கொள்வதை இது முழுதாகத் தடுக்காது. ஆனால் ஆளுக்கொரு மண்டிக் கதை வரும்போது காப்பியடிக்க வேண்டிய தேவையே குறைந்துவிடும்.

தட்டச்சு செய்யத் தயங்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி உண்டு. எழுதும் பெட்டியிலேயே ஒலிப்பதிவுப் பொத்தான் இருக்கிறது, வழக்கமான வரம்பு 2 நிமிடம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வகுப்பில் தமிழில் எழுதும் பிள்ளைகள் தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களிலும் நிறைய. எழுத்தில் தடுமாறுகிற பிள்ளை வாயால் சொல்லும்போது பாடம் புரிந்திருப்பது தெரியவரும். இந்த ஒரு வசதிக்காகவே நான் மூடுலுக்கு நன்றி சொல்வேன்.

அடுத்து குவிஸ். நீங்கள் எதையும் மாற்றாவிட்டால், எல்லாவற்றையும் முடித்துச் சமர்ப்பித்த பிறகுதான் சரியா தவறா என்று தெரியும். அது தேர்வுக்குப் பொருத்தம், பயிற்சிக்குப் பொருந்தாது. பயிற்சிக்கு 'பல முறை முயலும்' முறையைத் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக, விலை 10 சதவீதம் ஏறியபோது தேவை 5 சதவீதம் குறைந்தது, நெகிழ்ச்சி எவ்வளவு என்று கேட்கிறீர்கள். ஒரு மாணவி தலைகீழாக வகுத்து 2 என்று போடுகிறார். அங்கேயே 'மேலே வர வேண்டியது தேவையின் மாற்றமா, விலையின் மாற்றமா?' என்ற குறிப்பு வரும்படி நீங்கள் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். அவர் திருத்தி 0.5 என்று போடுவார், மதிப்பெண்ணில் ஒரு பங்கு குறையும். குறைப்பு வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு. பயிற்சிதானே, அதைப் பூஜ்ஜியமாக்கிவிடுங்கள். எந்த இடத்தில் பிள்ளைகள் இடறுவார்கள் என்பது வகுப்பெடுக்கும் உங்களுக்குத்தான் தெரியும், மென்பொருள் அதை எழுதித் தராது.

சிக்னல் இல்லாத ஊர்களுக்கு மூடுல் செயலி உதவும். விடுதியிலோ கல்லூரியிலோ இருக்கும்போது பாடத்தைப் பதிவிறக்கிக்கொண்டு ஊரில் படிக்கலாம். குவிஸையும் இணையம் இல்லாமல் எழுத அனுமதிக்கும் ஒரு செட்டிங் உண்டு. ஆனால் அதற்கு நேர வரம்பு வைக்கக் கூடாது, கேள்விகளுக்கிடையே முன்பின் போகத் தடை இருக்கக் கூடாது, விடையைக் கடைசியில் சொல்லும் முறையும் வேண்டும். மேலே சொன்ன குறிப்பு தரும் குவிஸ் இதில் ஓடாது. ஆகவே குறிப்புக் குவிஸைக் கல்லூரி நாட்களுக்கும், இதை வார இறுதிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பைக் கைப்பேசியில் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. மூடுலின் 'பேஜ்' வகையில் எழுத்தாகவே ஏற்றினால் திரைக்கேற்ப மடங்கிக்கொள்ளும், டேட்டாவும் மிச்சம்.

கடைசித் தேதியையும் ஒரு முறை பாருங்கள். புதிதாக அசைன்மென்ட் போட்டால் மூடுல் தானாகவே ஏழு நாள் தள்ளி, நேரத்தை 00:00 என்று வைக்கும். 15ஆம் தேதி 00:00 என்றால் 14ஆம் தேதி இரவோடு கெடு முடிந்தது. பிள்ளைகளோ 15ஆம் தேதி இரவு வரை நேரம் இருப்பதாக நினைத்திருப்பார்கள். செவ்வாய் மாலை 6 மணி என்று வைத்தால், ஞாயிறு ஊரிலிருந்து திரும்புபவர்களுக்கும் அவகாசம் கிடைக்கும். 'டியூ டேட்' தாண்டினால் தாமதம் என்று குறிக்கும், ஆனால் வாங்கிக்கொள்ளும். 'கட் ஆஃப் டேட்' தாண்டினால்தான் கதவு மூடும். இரண்டுக்கும் நடுவே இரண்டு நாள் விடுங்கள்.

இன்டர்னல் மதிப்பெண்ணுக்கு, ஐஐடிகள் நடத்தும் இணையப் பாடத் திட்டமான என்பிடெல் வழியைப் பின்பற்றலாம். அங்கே 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்டுகளை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். மூடுலின் மதிப்பெண் ஏட்டிலும் குறைந்தவற்றை விட்டுவிடும் வசதி இருக்கிறது.

வருகைப் பதிவு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மூடுல் பதிவது சொடுக்கை. பக்கத்தைத் திறந்துவிட்டு மாடு ஓட்டப் போனாலும் பார்த்ததாகவே எழுதும். பதிவிறக்கி இரவெல்லாம் படித்தவருக்கோ ஒரே ஒரு வருகைதான் தெரியும். லாகினை எண்ணினால், சிக்னல் உள்ள ஊர்க்காரருக்குத்தான் வருகை கிடைக்கும். துறைத் தலைவரிடம் இதை எழுத்தில் கொடுங்கள். லாகினுக்குப் பதிலாக ஃபோரத்தில் போட்ட பதில், முடித்த குவிஸ் ஆகியவற்றைக் கணக்கில் எடுக்கலாம் என்று மாற்றையும் அதிலேயே சொல்லுங்கள். அப்படியே, செயலி வேலை செய்வதற்கான மொபைல் சேவையை மூடுல் நிர்வாகி இயக்கி வைத்திருக்கிறாரா என்றும் கேட்டுவிடுங்கள்.