கோயில் கணக்கைக் கேட்டேன், பதிவு காணாமல் போனது

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். எங்கள் கோயில் கட்டட நிதிக்குக் கணக்கே காட்டவில்லை, தலைவர் பணத்தைத் தின்றுவிட்டார் என்று பேஸ்புக்கில் எழுதி, மச்சானையும் டேக் செய்தேன். மூன்று நாளில் பதிவு போய்விட்டது. ஏழு நாளில் மன்னிப்புக் கேள் என்று வக்கீல் கடிதமும் வந்திருக்கிறது. பதிவை மீட்டுத் தர ஒருவர் 3,500 ராண்ட் கேட்கிறார். எனக்குப் பேச்சுரிமை இல்லையா?

பதில்: இருக்கிறது. அதைப் பேசுமுன், அந்த 3,500 ராண்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ‘மீட்டுத் தரும்’ ஆட்களுக்கு பேஸ்புக்கில் தனிக் கதவு எதுவும் கிடையாது. பதிவை நீக்கிய அறிவிப்பிலேயே மறுபரிசீலனை கேட்கும் பட்டன் இருக்கும். நீங்கள் இலவசமாக அழுத்தக்கூடிய அதே பட்டனைத்தான் அவரும் அழுத்துவார். அதற்கு முன் பாஸ்வேர்டு கேட்பார், அப்புறம் போனுக்கு வரும் ஓடிபி. போன வருஷம் ஒருவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து போனைக் காட்டினார். பத்து வருஷக் காவடிப் படங்களோடு கணக்கே கைமாறியிருந்தது. அவர் பெயரில் சொந்தக்காரர்களிடம் கடன் கேட்டுக்கொண்டிருந்தான் எவனோ. உங்கள் விஷயத்தில் பதிவு திரும்பி வந்தாலும் ஆபத்துதான். வழக்குக்கான சாட்சியைக் காசு கொடுத்து மீட்பது, சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது.

பேஸ்புக் நீக்கியது அதன் சொந்த விதிப்படி. அந்த விதியும் நம் சட்டமும் ஒரே வழியில் போவதில்லை. நிறவெறி ஆட்சிக் காலத்துப் பழைய தேசியக் கொடியைக் காரணமில்லாமல் காட்டுவது வெறுப்புப் பேச்சு என்று 2019இல் நம் சமத்துவ நீதிமன்றம் சொன்னது. அந்தக் கொடி இருந்த பதிவுகள் நீடிக்கலாம் என்று 2025இல், பேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் மேற்பார்வை வாரியம் சொன்னது.

சரி, சட்டத்துக்கு வருவோம். அரசியல் சாசனத்தின் 16ஆம் பிரிவு பேச்சுரிமை தருகிறது. ஆனால் அவதூறு வழக்கில் ‘நான் சொன்னது உண்மை’ என்பது மட்டும் இங்கே போதாது. உண்மையாகவும் இருக்கவேண்டும், பொது நன்மைக்காகவும் இருக்கவேண்டும். கோயில் பணம் பொது விஷயம், அதில் சிக்கலில்லை. சிக்கல் ‘தின்றுவிட்டார்’ என்ற ஒரு சொல்லில். அவர் தின்றதற்குக் கையில் ரசீது இருக்கிறதா? இல்லையென்றால், ‘கட்டட நிதிக் கணக்கு பொதுக்கூட்டத்தில் எப்போது வைக்கப்படும்?’ என்று கேளுங்கள். அதைக் கேட்க உறுப்பினருக்கு உரிமை உண்டு.

மச்சான் விஷயத்தை லேசாக விடாதீர்கள். 2013இல் பிரிட்டோரியாவில் ஒரு வழக்கு. ஒருவரின் முன்னாள் மனைவியைப் பற்றி இப்போதைய மனைவி பேஸ்புக்கில் எழுதினார். கணவர் ஒரு வரிகூட எழுதவில்லை, டேக் மட்டும் செய்யப்பட்டிருந்தார். தெரிந்தும் தன் பெயரை அதில் விட்டுவைத்ததால் அவரும் பொறுப்பு என்றது நீதிமன்றம். 40,000 ராண்ட் நஷ்டஈடு. கவனியுங்கள், மாட்டிவிட்டது டேக் அல்ல, தெரிந்தும் சும்மா இருந்தது. தெரியாமல் டேக் ஆனவர் நிலை வேறு. உங்கள் மச்சானுக்கு இப்போது தெரியும்! அதே பதிவை வேறு யாராவது பகிர்ந்து அதில் அவர் பெயர் இருந்தால், இன்றே எடுக்கச் சொல்லுங்கள்.

வக்கீல் கடிதம் தீர்ப்பு அல்ல. ஆனால் பயமுறுத்த அதுவே போதும் என்று அனுப்பியவருக்குத் தெரியும். செலவில்லாமல் போகக்கூடிய சிறுவழக்கு நீதிமன்றம் அவதூறு வழக்கை எடுக்காது. நடுவர் நீதிமன்றம் போனால் வக்கீல், தேதி, மறுபடி தேதி. காசுள்ளவருக்கு அலுப்பு, இல்லாதவருக்கு வாய்ப்பூட்டு. எத்தனை முறை சொன்னாலும் இது மாறுவதாகக் காணோம்.

மன்னிப்புக் கடிதத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள், கடிதத்தைக் குப்பையிலும் போடாதீர்கள். ஏழு நாளுக்குள் இரண்டு வரி பதில்: பதிவு இப்போது இல்லை, கணக்கைக் காட்டும்படி கேட்கிறேன். நன்கொடை ரசீதுகளையும் பழைய கூட்டக் குறிப்புகளையும் ஒரு கோப்பில் போட்டு எடுத்துக்கொண்டு, பதில் அனுப்புமுன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.