தடைக்காலம் முடிந்த பிறகு

அன்புள்ள ஐயா,

நான் நாகப்பட்டினம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்தவன். அப்பா நாட்டுப்படகில் தொழில் செய்கிறார். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. தடை முடிந்ததும் சில நாள் எல்லோருக்கும் நல்ல மீன்பாடு கிடைக்கிறது. பிறகு பழைய நிலைதான். "கடல் செத்துப்போச்சு, இனி எந்தச் சட்டம் போட்டாலும் பிழைக்காது" என்கிறார் அப்பா. வெளிநாடுகளில் அழிந்த மீன்வளத்தை மீட்டுவிட்டார்கள் என்று படித்தேன். அது உண்மையா? உண்மையென்றால் நம் தடைக்காலம் ஏன் அதைச் செய்யவில்லை? கட்டுப்பாடு என்றாலே கடைசியில் அடிபடுவது அப்பாவைப் போன்றவர்கள்தானே?

இளங்கோ

அன்புள்ள இளங்கோ,

முதல் கேள்விக்குத் தயக்கமில்லாமல் ஆம் என்று சொல்வேன். அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு அருகிப்போன மீன்கூட்டங்களில் ஏறத்தாழ 50, 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு அமெரிக்கக் கடற்பகுதிகளில் மீண்டும் நல்ல நிலைக்கு வந்திருப்பதாக அந்நாட்டு அரசின் கணக்கு சொல்கிறது. ஆனால் அந்த எண்ணிக்கையைவிட, ஒரே கடலில் ஓர் இனம் மீண்டதும் இன்னோர் இனம் மீளாததும்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு நேரடியாக விடை தருகின்றன என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் வடகிழக்குக் கரையான நியூ இங்கிலாந்துக்குக் கிழக்கே ஜார்ஜஸ் பேங்க் என்ற ஆழம் குறைந்த கடல்மேடு இருக்கிறது. காட், ஹேடக் முதலிய மீன்களுக்குப் பேர்போன அந்த இடத்தில் 1990களின் தொடக்கத்தில் மீன்வளம் வற்றிப்போயிருந்தது. 1994 டிசம்பரில் அங்கும் அதையொட்டிய கடலிலும் மூன்று பெரும் பகுதிகளை, ஏறத்தாழ 17,000 சதுர கிலோமீட்டர் பரப்பை, அரசு மூடியது. மூடியதன் நோக்கம் மீன்களைக் காப்பது. ஆனால் கடலடியை வாரி ஸ்காலப் என்னும் சிப்பியை எடுக்கும் படகுகளும் மீன்களைச் சேர்த்தே வாரிவிடும் என்பதால் அவையும் வெளியேற வேண்டியிருந்தது. நான்கே ஆண்டுகளில் மூடிய பகுதிகளுக்குள் ஸ்காலப்பின் மொத்த எடை 14 மடங்கு ஆகியிருந்தது. அந்தச் சிப்பிக்கு மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் சதையின் எடை நான்கு மடங்காகும். அதாவது, முன்பு ஆண்டுதோறும் வாரியெடுத்த சிறு சிப்பிகளை இரண்டே ஆண்டு விட்டுவைத்திருந்தால், அதே எண்ணிக்கையிலிருந்து பன்மடங்கு சதை கிடைத்திருக்கும்.

இதுவரை கேட்டால் நம் தடைக்காலத்தின் கதை போலவே இருக்கும். வேறுபாடு, திறந்த பிறகு நடந்ததில் இருக்கிறது. மூடிய அதே 1994இல்தான் ஸ்காலப் தொழிலுக்குள் புதிய படகுகள் நுழைவதும் நிறுத்தப்பட்டது. உரிமம் உள்ள ஒவ்வொரு படகும் ஆண்டில் இத்தனை நாள்தான் கடலில் இருக்கலாம் என்று வரையறுக்கப்பட்டது. சிறு சிப்பி தப்பிப் போகும்படி, கடலடியை வாரும் கருவியின் வளையங்கள் படிப்படியாகப் பெரிதாக்கப்பட்டன. ஒரு படகில் ஏழு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியும் வந்தது. எனக்கு மிகவும் பிடித்த விதி அதுதான். சிப்பியைப் படகிலேயே கையால் பிளந்து சதையை எடுக்க வேண்டும். ஆள் குறைவென்றால் சிறு சிப்பியைப் பிளந்துகொண்டிருப்பது கட்டுப்படியாகாது, பெரியதைத் தேடித்தான் போக வேண்டும். தொழில் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து பேசாமல் இப்படி ஒரு விதி பிறக்காது.

மூடிய பகுதியில் எவ்வளவு இருக்கிறது என்பதையும் யாரும் ஊகித்துச் சொல்லவில்லை. 1999இல் நியூ பெட்ஃபோர்டு துறைமுகத்து மீனவர்களும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் மீனவர்களின் படகிலேயே சென்று, கேமராவைக் கடலடிக்கு இறக்கி எண்ணினார்கள். மூடியவற்றில் சில பகுதிகள், ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்ற அளவோடுதான் திறக்கப்பட்டன. 2004 முதல் இது நிரந்தர முறையாயிற்று. குஞ்சுச் சிப்பி அடர்ந்த பகுதியை மூடுவது, வளர்ந்ததும் திறப்பது, அதற்குள் வேறொரு பகுதிக்கு ஓய்வு கொடுப்பது என்று சுழன்று வருகிறார்கள். ஆண்டு விளைச்சலில் ஒரு சிறு பங்கு எண்ணிக்கை ஆய்வுக்கென்றே ஒதுக்கப்படுகிறது.

அதே மூடிய கடலில் ஹேடக் மீண்டது, காட் மீளவில்லை. காட் ஓரிடத்தில் கிடப்பதில்லை, எல்லையைத் தாண்டிப் போனதும் பிடிபட்டது. மொத்தப் பிடிப்புக்குக் கடுமையான உச்சவரம்பு 2010இல்தான் வந்தது. அதற்குள் அந்தப் பகுதியின் கடல்நீரும் வேகமாகச் சூடேறிக்கொண்டிருந்தது. எனவே மூடுவது மட்டுமே மருந்தன்று.

இப்போது நம் கடலுக்கு வருகிறேன். 2001இல் 45 நாளாகத் தொடங்கி 2017இல் 61 நாளாக நீண்ட தடைக்காலம் பயனற்றது என்று நான் நினைக்கவில்லை. அந்த நாட்களில் மீன் வளர்கிறது, இனப்பெருக்கமும் நடக்கிறது. ஆனால் ஜூன் 15 அன்று கிளம்பும் படகுகளின் எண்ணிக்கைக்கும், அவற்றின் எஞ்சின் வலிமைக்கும், அவை கொண்டுவரும் மீனின் அளவுக்கும் தடைக்காலம் எந்த வரம்பையும் வைப்பதில்லை. முந்திக்கொள்பவருக்கே மீன் என்றான பிறகு, 61 நாளில் வளர்ந்ததைச் சில வாரங்களில் வாரிவிடவே எல்லோரும் முயல்வார்கள். நீங்கள் கண்ட அந்தச் சில நாள் பாடு இப்படித்தான் தீர்ந்துபோகிறது.

வரம்புகள் சட்டத்தில் இல்லாமல் இல்லை. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் விதிகளும் கரையோரக் கடலை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்குகின்றன. இழுவை மடியின் கடைமடிக் கண், அதாவது மீன் வந்து சேரும் கடைசிப் பையின் வலைக்கண், 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கின்றன. எஞ்சினின் குதிரைத்திறனுக்கும் வரையறை வைக்கின்றன. கடைமடிக் கண் சிறுத்துப்போவதால்தான் சங்காயம் என்று நாம் ஒதுக்கும் குவியலில் நல்ல மீனின் குஞ்சுகள் அவ்வளவு கிடக்கின்றன. வஞ்சிரமாகவும் சங்கராவாகவும் விலை பெற்றிருக்க வேண்டியவை கோழித்தீவனமாகவும் மீன்தூளாகவும் போகின்றன. கேரளம் இதைக் கரையிலேயே தடுக்க முயன்றது. இன்ன மீன் இவ்வளவு நீளத்துக்குக் குறைந்தால் பிடிக்கவோ விற்கவோ கூடாது என்று முதலில் 14 வகைகளுக்கும், பின்னர் 58 வகைகளுக்கும் அளவு நிர்ணயித்தது. நம்முடையதைப் போல ஒரே மடியில் பல நூறு இனம் ஏறும் வெப்பமண்டலக் கடலில், அமெரிக்காவைப் போல இனத்துக்கு இத்தனை டன் என்று பங்கு பிரிப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. மீனின் நீளம், மடியின் கண், படகின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் இறங்குதளத்தில் நின்றே சரிபார்க்க முடியும் என்பதால், நாம் பிடிக்க வேண்டிய வழி இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

நமக்குப் பக்கத்திலேயே மீண்ட இடம் ஒன்றும் இருக்கிறது. கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலில் கேரளத்தார் கக்கா என்று சொல்லும் மட்டி, ஏற்றுமதி வந்த வேகத்தில் 1991இல் ஏறத்தாழ 10,000 டன் எடுக்கப்பட்டு, 1993இல் பாதியாக விழுந்தது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பதில்லை, வலைக்கண் 30 மில்லிமீட்டருக்குக் குறைவதில்லை, கிலோவுக்கு 1,400க்கு மேல் எண்ணிக்கை ஏறும் சிறு மட்டியை ஏற்றுமதி செய்வதில்லை, இயந்திரத்தால் வாருவதில்லை என்ற கட்டுப்பாடுகள் வந்த பிறகு விளைச்சல் திரும்பியது. 2014இல் நீடித்த மீன்பிடிப்புக்கான உலகச் சான்றிதழை இந்தியாவில் முதலில் பெற்றதும் அந்தக் காயல்தான். பின்னர் மாசும், சாரு எனப்படும் அந்நியச் சிப்பியினத்தின் பரவலும் அந்த மட்டியை மறுபடியும் குறைத்துவிட்டன என்பதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. பிடிப்பை ஒழுங்குசெய்து பெற்றதைச் சாக்கடையால் இழக்க முடியும்.

உங்கள் அப்பாவின் சொல்லை நான் அலட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் 1980களிலேயே கரையோர மீனவர்கள் காட் குறைகிறது என்று எச்சரித்தார்கள். பெரிய இழுவைக் கப்பல்களுக்குக் கிடைத்த நல்ல பிடிப்பை நம்பிய அரசு அதைக் கேட்கவில்லை. 1968இல் 8 லட்சம் டன்னுக்கு மேல் கொடுத்த அந்த மீன்வளத்தை 1992 ஜூலை 2 அன்று மூட வேண்டியதாயிற்று. சுமார் 30,000 பேர் வேலையிழந்தார்கள். இரண்டு ஆண்டு என்று சொன்ன தடை 2024 வரை நீண்டது. விலக்கிய ஆண்டில் அனுமதித்த அளவு 18,000 டன்தான். சிறு தொழிலாளியை அடிப்பது கட்டுப்பாடா என்ற உங்கள் கேள்விக்கு என் விடை இது: காலம் தாழ்ந்து வரும் கட்டுப்பாடு அவரைத்தான் முதலில் அடிக்கிறது. உரிய நேரத்தில், யாருடைய மடி அதிகம் வாருகிறதோ அவரிடமிருந்து தொடங்கும் கட்டுப்பாடு சிறு தொழிலாளிக்கே கூடுதல் மீனைத் தருகிறது.

சோழமண்டலக் கரையில் ஊர்ப் பஞ்சாயத்துகள் கேடு தரும் வலைகளைத் தாமே விலக்கிவைத்த வழக்கம் உண்டு. அந்த அதிகாரம் இன்னும் முற்றாகப் போய்விடவில்லை. தடை முடிந்த முதல் மாதத்தில், உங்கள் இறங்குதளத்துக்கு வரும் சங்காயத்திலிருந்து நாளுக்கு ஒரு கூடை எடுத்து, அதில் எத்தனை எந்த மீனின் குஞ்சு, எவ்வளவு நீளம் என்று குறித்துவைக்கும்படி பஞ்சாயத்தாரிடம் கேளுங்கள். அந்தக் குறிப்போடு, கடைமடிக் கண் விதியை உங்கள் துறைமுகத்தில் நடைமுறைப்படுத்துங்கள் என்று மீன்வளத் துறையிடம் மனு கொடுங்கள். குறிப்பு எழுத ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், அடுத்த ஜூனில் நானும் வருகிறேன்.

அன்புடன்.