பாட்டியின் ஜாக்கெட், பேத்தியின் அளவு

வணக்கம்.
1960களில் என் அம்மா கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட்டை மாதிரி கொடுத்து, மகளுக்குப் பட்டில் ஒன்று தைப்பித்தோம். இருவருக்கும் மார்புச் சுற்று 34 அங்குலம். ஆனாலும் மார்பு முனையில் துணி கூராக வெறுமையாய் நிற்கிறது, அக்குளில் இழுக்கிறது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு எங்கே இருக்கு" என்கிறார்கள் வீட்டில். டிசம்பரில் நுவரெலியாவில் கல்யாணம். பிரித்துத் தைக்கலாமா?
வாசகி, ஹட்டன்

அன்புள்ள வாசகிக்கு,

பிரித்துத் தைக்கலாம். பிள்ளையின் உடம்பைக் குறை சொல்வதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த ஜாக்கெட்டின் வெட்டு அந்தக் காலத்துப் பிராவுக்கு ஏற்றது. 1950களிலும் 60களிலும் கிண்ணத்தில் வட்டம் வட்டமாகத் தையலோட்டி, மார்பைக் கூம்பாக நிறுத்தும் பிரா நாகரிகமாக இருந்தது. டாட்டை, அதாவது துணியை மடித்து முனை கூராகத் தைக்கும் மடிப்பை, மார்பு முனைவரை ஓட்டினால்தான் அதன்மேல் துணி படியும். இன்றைய வார்ப்புக் கிண்ணம் உருண்டை. அதன்மேல் அதே டாட் காலியாகத்தான் நிற்கும்.

இந்த அழகு எல்லாமே மாறி மாறி வந்ததுதான். ஐரோப்பாவில் 1920களில் தட்டை மார்பு. 1947இல் பிரெஞ்சு உடை வடிவமைப்பாளர் டியோரின் புதுப் பாணியில் இறுக்கிய இடுப்பு. 1966இல் ஆங்கில மாடல் ட்விக்கியோடு ஒல்லி உடம்பு. அதற்காகச் சிற்றிடையை மேல்நாட்டுச் சரக்கு என்றும் தள்ளிவிட முடியாது. சிகிரியாவின் 5ஆம் நூற்றாண்டு ஓவியப் பெண்களைப் பாருங்கள். அந்த இடுப்புக்கு எந்த டெயிலரும் அளவெடுத்திருக்க முடியாது.

34 என்ற ஓர் எண்ணை மட்டும் நம்பியது அடுத்த சிக்கல். மார்புக்குக் கீழே ஒருத்திக்கு 28, இன்னொருத்திக்கு 31 இருக்கலாம். டாட்டின் அகலத்தை முடிவுசெய்வது இந்த வித்தியாசம்தான். கல்யாணத்தன்று போடப்போகும் பிராவையே போட்டுக்கொண்டு இவற்றை அளந்து எடுங்கள்: மேல்மார்புச் சுற்று, முழு மார்புச் சுற்று, கீழ்மார்புச் சுற்று, கழுத்தடித் தோளிலிருந்து மார்பு முனைவரை நீளம், இரு முனைகளுக்கு இடையிலான தூரம். முழு மார்புக்கு 1 அங்குலமும் கீழ்மார்புக்கு அரை அங்குலமும் தளர்வு விட்டால் போதும்.

பழைய ஜாக்கெட்டிலிருந்து கழுத்தையும் கையின் வடிவத்தையும் மட்டும் எடுங்கள். டாட்டைப் பிரித்து, முனைக்கு முக்கால் முதல் 1 அங்குலம் முன்பே முடியும்படி, கடைசிப் பகுதி மெல்ல ஒடுங்கும்படி ஓட்டுங்கள். சுருட்டிய துவாலையின் மேல் வைத்து அயர்ன் பண்ணினால் வளைவு வரும். பட்டில் பழைய ஊசித்துளை மறையாது. அதனால் பழைய பருத்தித் துணியில் ஒன்றை முதலில் வெட்டிப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

அக்குள் இழுத்தால் பலர் கைக்குழியின் அடியைத் தோண்டுகிறார்கள். அப்புறம் மாலை மாற்றக் கையைத் தூக்கியதும் ஜாக்கெட் முழுவதும் மேலே ஏறும். அடியைத் தொடாமல், முன்பக்க வளைவை மட்டும் கால் அங்குலம் உள்ளே வெட்டிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு கால் அங்குலம். பக்கத் தையலில் உள்ளே 1 அங்குலம் துணி இருந்தால் அதையும் சற்று விடலாம்.

கையில் பஃப் இருந்தால் ஒன்று. டிசம்பர்க் குளிருக்கு மேலே சுவெட்டர் போட்டால் அது உள்ளே கசங்கி, கழற்றும்போது நசுங்கியே இருக்கும். சால்வையே வசதி.