டேர்போவா, ட்ராக் காரா? வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வன்னியில் ஸ்போர்ட்ஸ் கார் பற்றிக் கேட்க யார் இருக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் எனக்கு வரும் செய்திகளைப் பார்க்கவேண்டும். பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்து கேட்பவர்கள். மீதிப் பேர் சிவிக்கும் சுவிஃப்டும் வைத்திருக்கும் நம் ஊர்ப் பெடியள். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே இழுபறிதான்: டேர்போ (வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி ஏற்றும் கருவி) பூட்டிய வேகக் காரா, ட்ராக்கில், அதாவது பந்தயத் தடத்தில், ஓடவென்றே கட்டிய காரா? வந்தவற்றில் சிலவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

அண்ணா, எனக்குச் சொந்த ஊர் புதுக்குடியிருப்பு. இப்போது ஜேர்மனியில் இருக்கிறேன். நீண்ட நாள் சேமிப்பில் ஒரு போர்ஷே எடுக்கப் போகிறேன். 911 டேர்போ எஸ்ஸா, ட்ராக்குக்கென்று கட்டிய 911 ஜிடி3யா? நியூர்பேர்க்ரிங் பந்தயத் தடம் கிட்டத்தான் இருக்கிறது. மனைவி, இரண்டு பிள்ளைகள்.

தம்பி, ஜிடி3இல் பின் இருக்கை இல்லை. பிள்ளைகளை எங்கே ஏற்றுவீர்கள்? பதிலை இதோடு முடிக்கலாம். ஆனால் நியூர்பேர்க்ரிங்கை இழுத்துவிட்டீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகப் பேசுவோம்.

2020இல் வந்த 992 தலைமுறை டேர்போ எஸ்ஸில் 3.7 லீற்றர் எஞ்சின், இரண்டு டேர்போ, 650 குதிரைவலு, 800 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை (எஞ்சின் சில்லைத் திருப்பும் விசை). நான்கு சில்லும் இழுக்கும். நின்ற இடத்தில் இருந்து மணிக்கு 100 கிலோமீற்றரை 2.7 செக்கனில் தொட்டுவிடும். அடுத்த வருடம் வந்த ஜிடி3இல் டேர்போவே கிடையாது. 4 லீற்றர், 510 குதிரைவலு, 470 நியூட்டன் மீற்றர், பின் சில்லு மட்டும்தான் இழுக்கும். பிடிகே என்ற தானியங்கி கியரோடு 100க்கு 3.4 செக்கன். கடதாசியில் பார்த்தால் ஜிடி3 தோற்றுப்போன கார். ஆனால் நியூர்பேர்க்ரிங்கின் 20.8 கிலோமீற்றர் பெரிய சுற்றான நோர்ட்ஷ்லைஃபவை 7 நிமிடத்துக்குள் சுற்றி முடித்தது அதுதான். எடை ஏறத்தாழ 200 கிலோ குறைவு. முன்பக்கத்தில், ஒவ்வொரு சில்லையும் மேலும் கீழும் இரண்டு கைகளால் பிடிக்கும், பந்தயக் காருக்குப் பூட்டும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன். பின் இறக்கை, வேகம் கூடக் கூடக் காரை நிலத்தோடு அமத்தும். மிதியை எவ்வளவு அமத்துகிறீர்களோ, அந்த நொடியிலேயே எஞ்சின் அவ்வளவு தரும். வளைவின் நடுவில் இருக்கும்போது அந்த நிதானத்துக்கு விலையே இல்லை.

சிக்கல் எங்கே என்றால், ஜிடி3இன் முறுக்குவிசை உச்சத்துக்கு வருவது எஞ்சின் நிமிடத்துக்கு 6100 சுற்றுச் சுற்றும்போது. முழு வலு 8400இல். டேர்போ எஸ்ஸில் 2500இலேயே எல்லாம் கைக்கு வந்துவிடும். மழை நாளில் பிள்ளைகளோடு ஒரு லொறியை முந்தும்போது உங்களுக்கு வேண்டியது அந்த 2500தான். ஜிடி3 அந்த இடத்தில் கியரை இரண்டு படி இறக்கச் சொல்லும், காதுக்குள் கத்தும், பள்ளம் திட்டி ஒவ்வொன்றையும் முதுகெலும்புக்கு அறிவிக்கும்.

டேர்போ எஸ் எடுங்கள். ட்ராக் ஆசை வந்தால், பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்களில் அங்கேயே ட்ராக் கார் வாடகைக்குத் தருகிறார்கள், அதில் போய் ஓடுங்கள். உங்கள் சொந்தக் காரில் போவதென்றால் முதலில் காப்புறுதிப் பத்திரத்தை வாசியுங்கள். பல ஒப்பந்தங்களில் நோர்ட்ஷ்லைஃப செல்லுபடியாகாது. தடுப்புவேலியில் இடித்தால் வேலிக்கும் நீங்கள்தான் காசு கட்டவேண்டும்.

கிளிநொச்சியில் இருந்து: ஒரு லீற்றர் டேர்போ சிவிக் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். நண்பனோ பழைய 1.6 சுவிஃப்ட் ஸ்போர்ட்டை எடு, அதுதான் உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் என்கிறான். தினமும் வவுனியாவுக்கு வேலைக்குப் போய்வருகிறேன்.

நண்பன் சொல்வது பொய்யில்லை. 2011இல் வந்த சுவிஃப்ட் ஸ்போர்ட்டில் டேர்போ இல்லாத எஞ்சின், 136 குதிரைவலு, அதுவும் ஏறத்தாழ 7000 சுற்றில். எடை குறைவு. வளைவில் போட்டால் சிரிப்பு வரும். ஆனால் ஏ9இல் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையில் வளைவு எங்கே இருக்கிறது? இருப்பதெல்லாம் நேர் வீதி, முன்னால் ஒரு நெல் லொறி, எதிரே ஒரு யாழ்ப்பாண பஸ். 50இல் போகும் லொறியை எட்டி முந்தவேண்டும், அவ்வளவுதான். அதற்குச் சிவிக்கின் டேர்போ 2000 சுற்றுக்குள்ளேயே இழுவையைத் தந்துவிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நம் வீதிகளில் காருக்கு உச்சவேகம் மணிக்கு 70, குடிமனைப் பகுதியில் 50. மேலே சொன்ன ஜிடி3யை இங்கே ஓடினால் இரண்டாம் கியரைக் கூட முழுக்க இழுக்க முடியாது. சுவிஃப்ட் ஸ்போர்ட்டும் அந்தச் சாதிதான், உயரச் சுற்றில்தான் உயிர் வரும். எட்டாத இடத்தில் இருக்கும் வலுவுக்கு ஏன் காசு கொடுக்கவேண்டும்? சிவிக்கை எடுங்கள். ஆனால் எடுக்கமுன் ஒயில் மாற்றிய பதிவைக் கேளுங்கள். பதிவு இல்லாத டேர்போ காரை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் விட்டுவிடுங்கள்.

மாங்குளத்தில் இருந்து: டேர்போ காருக்குத் திறந்த கூம்பு ஃபில்டர் பூட்டினால் வலு கூடும் என்கிறார்கள். செய்யலாமா?

சத்தம் கூடும். வலு கூடுவது சந்தேகம்.

அந்தக் கூம்பு ஃபில்டர் எஞ்சின் மேலேயே திறந்தபடி இருக்கும். உறிஞ்சுவது எஞ்சினைச் சுற்றி நிற்கும் சூட்டுக் காற்றை. சூடான காற்றில் ஒட்சிசன் குறைவு. டேர்போ அதை அமுக்கும்போது சூடு இன்னும் ஏறி 100 பாகையைத் தாண்டும். இன்டர்கூலர் அதை ஆற்றவேண்டும். ஆற்றும் காற்றோ நம் ஊர்க் கோடையில் 35 பாகை. கடைசியில் பெற்றோல் நேரம் தவறி வெடித்து எஞ்சின் தட்டாமல் இருக்கக் கணினி பற்றவைப்பைப் பின்தள்ளும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வலு அங்கேயே போய்விடும்.

அதைவிடப் பெரிய பயம் புழுதி. டேர்போவின் காற்றுச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் ஓடும். அந்த வேகத்தில் கிரவல் றோட்டின் செம்மண் துகள் அதில் படுவது அரத்தால் தேய்ப்பது போல. மலிவு ஃபில்டரோடு ஓடிய ஒரு டேர்போவைக் கராஜில் கழற்றிப் பார்த்தோம். சக்கரத்தின் இதழ் நுனிகள் மழுங்கி, ஓரம் பல் பல்லாக இருந்தது. உள் குழாயில் விரலை ஓட்டினால் ஒயிலோடு குழைந்த செம்மண் ஒட்டிக்கொண்டு வந்தது. கம்பனி பூட்டிய பெட்டி ஃபில்டரையே வைத்திருங்கள். கைநூலில் ஃபில்டர் மாற்றுவதற்குக் கடினமான பாவனைக்கென்று ஒரு இடைவெளி போட்டிருப்பார்கள். மாங்குளத்தில் இருப்பவருக்கு அந்தக் கணக்குத்தான்.

முல்லைத்தீவில் இருந்து ஒரு தங்கச்சி: ஓடி வந்து நிறுத்தியவுடன் டேர்போ காரின் எஞ்சினை நிற்பாட்டக்கூடாது என்று அப்பா சொல்கிறார். உண்மையா? பெற்றோல் 92 போதுமா?

அப்பா சொல்வதில் விஷயம் இருக்கிறது. வெளியேறும் புகையின் சூடு பெற்றோல் எஞ்சினில் 900 பாகையைத் தாண்டும். கடுமையாக ஓடிவிட்டு உடனே நிற்பாட்டினால் டேர்போவின் தண்டில் நிற்கும் ஒயில் கருகிக் கரியாகும். புதிய கார்கள் பலவற்றில் எஞ்சின் நின்ற பிறகும் தண்ணீரைச் சுற்றவிடும் ஏற்பாடு உண்டு. சாதாரணமாக ஓடி வந்தால் யோசிக்கவே தேவையில்லை. கடைசி இரண்டு மூன்று கிலோமீற்றரை மெதுவாக ஓடினாலே போதும். ஏ9இல் விரட்டிக்கொண்டு வந்து முறிகண்டியில் இறங்குபவர்கள் மட்டும், பிள்ளையாரைக் கும்பிட ஓடுவதற்கு முன் ஒரு நிமிடம் எஞ்சினைச் சும்மா ஓடவிடுங்கள். கச்சான் எங்கும் போய்விடாது.

பெற்றோலுக்கு, தாங்கி மூடியின் உட்பக்கத்தையோ கைநூலையோ பாருங்கள். சுவிஃப்ட் ஸ்போர்ட் மாதிரி யப்பானில் உயர் ஒக்டேன் கேட்கும் கார் என்றால் 95தான். 95 கேட்காத கார்களுக்கு அதை அடிப்பதில் பெரிய இலாபம் இல்லை.

வவுனியாவில் இருந்து: ட்ராக் ரயர் நான்கு மலிவாகக் கிடைக்கிறது. என் காருக்குப் போடலாமா?

வேண்டாம். அந்த ரப்பர் சூடானால்தான் ஒட்டும், வீதியில் அந்தச் சூடு வராது. தவாளிப்பும் குறைவு. கார்த்திகை, மார்கழி மழையில் வீதியில் தண்ணீர் நிற்கும்போது அது தண்ணீருக்கு மேலேயே மிதக்கும். அப்புறம், மலிவாகக் கிடைக்கும் ட்ராக் ரயர் பெரும்பாலும் யாரோ சூடேற்றி முடித்தது. ரயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். அதைப் பார்த்தாலே ஆசை போய்விடும்.

டேர்போ இருந்தால் அது ட்ராக் கார் இல்லையா? (பெயர், ஊர் போடாமல் வந்தது)

அப்படி ஒரு விதியும் இல்லை. போர்ஷேயின் ஜிடி2 ஆர்எஸ் இரண்டு டேர்போவோடு 700 குதிரைவலு தரும் ட்ராக் கார். ஹொண்டாவின் சிவிக் டைப் ஆர் 2015இல் இருந்து டேர்போதான். ட்ராக் கார் என்பதைத் தீர்மானிப்பது பிறேக், எஞ்சினையும் பிறேக்கையும் ஆற்றும் ஏற்பாடு, எடை, சஸ்பென்ஷன். எஞ்சின் அதற்குப் பிறகுதான்.

மன்னாரில் இருந்து: பூநகரி வீதி நேராக, வெறுமையாகக் கிடக்கிறது. இரவில் அதில் வேகம் பார்த்தால் என்ன?

வெறுமை என்று யார் சொன்னது? சூடு தேடித் தாரில் படுக்கும் மாடு அங்கே இருக்கிறது. உங்கள் ஊரில் கழுதையும் இருக்கிறது. கறுத்த மாட்டை ஹெட்லைட் காட்டும்போது 120இல் வருபவனுக்குப் பிறேக் பிடிக்க இடம் இருக்காது. வேகம் பார்க்க ஆசை என்றால் அதற்கென்று இடம் உண்டு. களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தவில் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் நடக்கும். மண் பந்தயம் பிடிக்கும் என்றால் அநுராதபுரத்து கஜபா சுப்பர்குரொஸ் நமக்குக் கிட்ட. நுவரெலியாவின் மஹகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. முதல் தடவை பார்வையாளராகப் போய், கார்களைத் திருத்தும் இடத்தில் நின்று கேளுங்கள். காரோடு வருபவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

ஓடப் போவதென்றால் முதலில் பிறேக் ஒயிலை மாற்றுங்கள். டொட் 4 என்ற வகைப் பிறேக் ஒயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 பாகை. ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், பழசானால் 155க்கு இறங்கலாம். அதன் பிறகு ட்ராக்கில் இரண்டு சுற்றுப் போனால் மிதி தரை மட்டும் போகும். டொட் 5.1 போட்டால் 260இல் தொடங்கலாம், விலையும் பெரிய வித்தியாசம் இல்லை. டொட் 5 என்று எழுதிய போத்தலை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கோன், மற்றவற்றோடு கலக்காது.