மகள் கேட்ட கேள்வியும் உங்கள் பயமும்

அன்புள்ள அம்மா,

சனிக்கிழமை கொட்டாஞ்சேனையிலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு, அவள் பல்கலைக்கழகத்தில் எதைப் படிப்பது என்று கேட்க என்னிடம் வந்திருந்தீர்கள். வாசலில் ஆட்கள் காத்திருந்ததால் உங்களோடு ஆறுதலாகப் பேச முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மகளின் இசட் புள்ளி (உயர்தரப் பரீட்சையில், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி) மருத்துவ பீடத்துக்கான கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளிக்குக் காணாது. மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் கிடைக்கக்கூடும். ஆனால் உங்களுக்கு மனம் ஒப்பவில்லை. "நாள் முழுக்க நோயாளிகளின் இரத்தத்தோடும் மலத்தோடும் நிற்கிற வேலை, ஏதாவது வைரஸ் தொற்றினால் என்ன செய்கிறது?" என்று கேட்டீர்கள். அப்போது மகள் தாழ்ந்த குரலில், "எல்லா வைரஸும் ஒன்றில்லை அம்மா, சிலதுக்குத்தான் கொழுப்பு உறை இருக்கு" என்றாள். நீங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. உங்கள் பயத்துக்கான பதில் அங்கேயே தொடங்குகிறது.

வைரஸ் என்பது மரபுப்பொருளும் அதைச் சுற்றிய ஒரு புரதக் கூடும்தான். இன்புளுவென்சா, கொரோனா, எச்.ஐ.வி., டெங்கு போன்றவை நம் உயிரணுவை விட்டு வெளியேறும்போது அதன் மென்சவ்வில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு வருகின்றன. அந்தப் போர்வை கொழுப்பால் ஆனது, மகள் சொன்ன உறை அதுதான். அடுத்த உயிரணுவைப் பற்றிக்கொள்ளும் முட்களும் அதில்தான் பதிந்திருக்கின்றன. சோறு சாப்பிட்ட கையின் எண்ணெய்ப் பிசுக்கைச் சவர்க்காரம் எப்படிக் கழற்றுகிறதோ, அப்படியே இந்தப் போர்வையையும் கழற்றிவிடும். சானிடைசரும் அதைத்தான் செய்கிறது. காய்ந்துபோனாலும் போர்வை குலைந்துவிடும். போர்வை போனால் அந்த வைரஸால் தொற்ற முடியாது. 2020இல் வெளிவந்த ஆய்வில் பிளாஸ்டிக் மேல் கொரோனா வைரஸ் மூன்று நாள் வரைதான் உயிர்ப்போடு இருந்தது, அதுவும் நேரம் போகப்போக வேகமாகக் குறைந்துகொண்டே.

போர்வை இல்லாதவைதான் பிடிவாதக்காரர்கள். செங்கமாரியைக் கொண்டுவரும் ஹெபடைட்டிஸ் ஏ, வாந்தி வயிற்றோட்டம் தரும் நோரோ, பிறகு போலியோ. இவற்றின் புரதக் கூடு இறுக்கமாக அடுக்கிய செங்கல் போன்றது. வயிற்று அமிலத்தைத் தாண்டும், காய்ந்த மேசையில் நாள்கணக்கில் கிடக்கும், சானிடைசருக்கும் இலகுவில் மசியாது. ஆனபடியால்தான் இவை தண்ணீராலும் உணவாலும் பரவுகின்றன. நோரோ வந்த வீட்டில் கையைச் சவர்க்காரம் போட்டு நீரோட்டத்தில் தேய்த்துக் கழுவ வேண்டும், தரையைக் குளோரின் கரைசலால் துடைக்க வேண்டும். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். ஆனாலும் போலியோ வைரஸ் கழிவுநீரிலும் தாக்குப்பிடிக்கும் என்பதால், உலகின் பல நகரங்களில் கழிவுநீரை எடுத்துச் சோதித்து அதைக் கண்காணிக்கிறார்கள். இந்தப் படிப்பைப் படித்தவர்கள் செய்யக்கூடிய வேலைதான் அது.

இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு, உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஹெபடைட்டிஸ் பி வைரசுக்கு உறை உண்டு, இருந்தும் உடலுக்கு வெளியே ஏழு நாள் வரை தொற்றும் வலுவோடு இருக்கும். ஆய்வுகூடத்தில் இருப்பவர்கள் இரத்தத் துளி காய்ந்துவிட்டது என்று அலட்சியமாக இருக்கக்கூடாது என்பது இதனால்தான். ஆனால் அதற்கு நல்ல தடுப்பூசி இருக்கிறது. மகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள், குழந்தையிலேயே போட்டிருப்பார்கள். வேலையில் சேர முன்னர் எதிர்ப்புச் சக்தி போதுமா என்று ஒரு இரத்தப் பரிசோதனையும் செய்யலாம்.

ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எந்த வைரசுக்கு எது போதும், எது போதாது என்று தெரிந்து வேலை செய்கிறவர்களின் இடம் அது. உங்கள் மகளுக்கு அந்த யோசனை இப்போதே ஓடுகிறது. போகிற நேரத்தில் அவள் என்னிடம், "வெளியே இவ்வளவு பலவீனம் என்றால் ஏன் அந்தப் போர்வையை வைத்திருக்கின்றன?" என்று கேட்டாள். உயர்தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளிடம் இப்படி ஒரு கேள்வி அடிக்கடி வராது. (போர்வை நம் உடலிலிருந்து எடுத்தது, அதனால் வைரஸ் எமது எதிர்ப்புச் சக்தியின் கண்ணிலிருந்து ஓரளவு தப்பலாம், உயிரணுவை உடைக்காமலே வெளியேறவும் முடியும் என்று சொல்லுங்கள். சந்தோஷப்படுவாள்.)

சரி, இனிப் பல்கலைக்கழக விண்ணப்பப் படிவத்துக்கு வருவோம். மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானத்தில் நான்கு வருடப் பட்டம் ஸ்ரீ ஜயவர்தனபுர, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் உண்டு. முதலாவது வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய தூரம். ஆனால் யாழ்ப்பாணத்தை வெட்டிவிட வேண்டாம், விருப்பத் தெரிவு வரிசையில் மூன்றும் இருக்கட்டும். நுண்ணுயிரியலில் ஆர்வம் நிலைத்தால் களனிப் பல்கலைக்கழகத்து விஞ்ஞான பீடமும் அவளுக்குப் பொருந்தும், அதையும் கீழே சேருங்கள். பட்டத்துக்குப் பிறகு இலங்கை மருத்துவ சபையில் பதிவு, அரச வைத்தியசாலை, தனியார் ஆய்வுகூடம், ஆராய்ச்சி என்று வழிகள் பிரியும்.

மருத்துவத்துக்காக இன்னொரு முறை பரீட்சை எழுதுவதா என்பதை அவளிடமே கேளுங்கள், நீங்கள் அருகில் இல்லாமல் அவளைப் பேசவிடுங்கள். படிவம் நிரப்ப முன்னர் ஒருமுறை வாருங்கள், அம்மா. இசட் புள்ளித் தாளை மறக்காமல் கொண்டுவாருங்கள், பாடநெறி இலக்கங்களை நானே பார்த்து வரிசைப்படுத்தித் தருகிறேன்.