கோயிலும் உடம்பும்: ஆராய்ச்சிகள் சொல்வது என்ன? (கேள்வி பதில்)

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டக் கோயில்களுக்கு வருகிறவர்கள் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. சமயத்துக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயும் பொதுச் சுகாதார ஆய்வாளர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கோயில் செயலாளர்: ஐயா, கோயிலுக்குத் தவறாமல் போகிறவர்கள் கூடுதல் நாள் வாழ்கிறார்கள் என்று படித்தேன். உண்மையா, பேச்சுக்குச் சொல்வதா?

உண்மைதான். ஆனால் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இத்துறையில் அதிகம் பேசப்படும் ஆய்வு 2016-இல் ஜாமா இன்டர்னல் மெடிசின் இதழில் வந்தது. அமெரிக்கத் தாதியர் 74,534 பேரை 1996 முதல் 2012 வரை தொடர்ந்து கவனித்தார்கள். அறவே வழிபாட்டுக்குப் போகாதவர்களோடு ஒப்பிட்டால், வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் போனவர்களுக்கு அந்தக் காலகட்டத்தில் இறக்கும் அபாயம் 33 விழுக்காடு குறைவு. வாரம் ஒரு தடவை போனவர்களுக்கு 26 விழுக்காடு குறைவு.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும். நடக்க முடிகிறவர்தானே வழிபாட்டுக்குப் போவார்? முட்டி வீங்கியவரும் மூச்சு வாங்குகிறவரும் வீட்டோடு இருந்துவிடுவார்கள். அப்படியானால் உடம்பு நன்றாக இருந்ததால் போனார்கள் என்றும் சொல்லலாமே! இதைக் கழிக்கத்தான் ஆய்வாளர்கள் வருகையை ஒரு முறையோடு விடாமல் திரும்பவும் கேட்டுப் பதிந்தார்கள். முன்பே இருந்த நோய், புகைப்பழக்கம், மனச்சோர்வு எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தார்கள். அதற்குப் பிறகும் வேறுபாடு மறையவில்லை.

தோட்டத்து ஆட்களுக்குச் சட்டென்று புரிகிற ஆய்வு இன்னொன்று. இஸ்ரேலில் கிப்புட்ஸ் என்னும் கூட்டுப் பண்ணைகள் உண்டு. சேர்ந்து வேலை, பொதுச் சாப்பாட்டுக் கூடம், ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி மருத்துவ வசதி. ஏறக்குறைய நம் பழைய லயம்போலத்தான். சமயப் பற்றுள்ள 11 பண்ணைகளையும் அவற்றுக்கு ஈடாகச் சமயம் சாராத 11 பண்ணைகளையும் எடுத்து, 1970 முதல் 1985 வரை நடந்த இறப்புகளை எண்ணினார்கள். சமயம் சாராத பண்ணைகளில் இறப்பு விகிதம் கிட்டத்தட்ட இரு மடங்கு. வசதியில் ஏற்றத்தாழ்வு இல்லாத இடத்திலேயே இது தெரிந்ததால், இந்த ஆய்வுக்கு நான் தனி மதிப்புக் கொடுப்பேன்.

பலன் எந்த வழியாக வருகிறது என்பதுதான் நமக்கு வேலைக்காகிற கேள்வி. தாதியர் ஆய்வில் அதையும் பிரித்துப் பார்த்தார்கள். பலனில் சுமார் 23 விழுக்காடு ஆள் துணையின் வழியாக, 22 விழுக்காடு புகைக்காமல் இருந்ததன் வழியாக, 11 விழுக்காடு மனச்சோர்வு குறைந்ததன் வழியாக. ஆள் துணைதான் முதலிடத்தில் இருக்கிறது, கவனியுங்கள்.

லயத்திலிருந்து ஓர் அக்கா: மாமியார் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து கோயிலுக்கு வர முடியவில்லை. வீட்டிலேயே சாமி கும்பிடுகிறார். அதே பலன் இருக்குமா?

தனியாகக் கும்பிடுவதற்கும் நீண்ட ஆயுளுக்கும் ஆய்வுகளில் தெளிவான தொடர்பு தெரிவதில்லை. ஒரு காரணம், நோய் முற்றினவர்கள் கூடுதலாக வேண்டிக்கொள்கிறார்கள். அதனால் கணக்கு குழம்புகிறது. எண்கள் கூட்டு வழிபாட்டின் பக்கம்தான் உறுதியாக நிற்கின்றன.

ஆகவே, அக்கா, கோயில் கூட்டத்தைக் கொஞ்சம் வீட்டுக்கு வரவழையுங்கள். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் இரண்டு பேர் திருநீறும் பிரசாதமும் கொண்டுவந்து, கட்டில் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போகட்டும். ஒரு வேலையும் கொடுங்கள். உதிரிப் பூவும் நாரும் மடியில் வைத்துக் கொடுத்தால், உட்கார்ந்த வாக்கிலேயே சனிக்கிழமை மாலைக்கு இரண்டு முழம் கட்டிவிடுவார். 'அம்மா கட்டின பூ' என்று கோயிலில் சொல்லிச் சாத்துங்கள். அவர் பெயர் அங்கே புழங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

பெயர் எழுதாதவர்: அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவருக்காக ஊரே வேண்டிக்கொண்டால் குணமாகுமா? சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். ஹெர்பர்ட் பென்சன் குழு 2006-இல் வெளியிட்டது பெரிய சோதனை. 6 மருத்துவமனைகளில் இருதய பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். 'வேண்டலாம், வேண்டாமலும் இருக்கலாம்' என்று சொல்லப்பட்டு உண்மையில் வேண்டப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினருக்குச் சிக்கல் வந்தது. அதே வார்த்தை சொல்லப்பட்டு வேண்டப்படாதவர்களில் 51. 'உங்களுக்காக நிச்சயம் வேண்டுகிறார்கள்' என்று சொல்லப்பட்டவர்களில் 59.

அந்த 59 தற்செயலாகவும் வந்திருக்கலாம். 'எனக்காகப் பிரார்த்தனைக் குழுவே வேண்டும் அளவுக்கு என் நிலைமை மோசமா?' என்ற பயமும் காரணமாக இருக்கலாம் என்று விளக்கியவர்கள் உண்டு. ஒன்றை மறக்கக்கூடாது: வேண்டியவர்கள் நோயாளியின் முகம்கூட அறியாதவர்கள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வேண்டுவதை இந்தச் சோதனை அளக்கவில்லை.

தேவார வகுப்பு ஆசிரியை: பாடுவதாலும் செபிப்பதாலும் ரத்தக் கொதிப்பு இறங்குமா?

மூச்சைப் பொறுத்தது, டீச்சர். 2001-இல் பி.எம்.ஜே. இதழில் வந்த இத்தாலிய ஆய்வில், 23 பேரை ஜெபமாலைச் செபத்தை லத்தீனிலும், 'ஓம் மணி பத்மே' என்ற மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு 6 தடவையாகக் குறைந்தது. அந்த வேகத்தில் இருதயத் துடிப்பும் ரத்த அழுத்தத்தின் ஏற்ற இறக்கமும் ஒரே தாளத்துக்கு வந்து, அழுத்தத்தைச் சீர்படுத்தும் நரம்பு அனிச்சைச் செயல் கூர்மையானது.

6 மூச்சு என்றால் ஒரு மூச்சுக்கு 10 வினாடி. ஒரு வரியை ஒரே மூச்சில் 6, 7 வினாடி இழுத்துப் பாடி, 3 வினாடி உள்ளே இழுத்தால் கணக்குச் சரி. கெடுவது எங்கே என்றால், 108-ஐ சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில். வேகமாகச் சொல்லும்போது மூச்சு மேலோட்டமாகிவிடும். எண்ணிக்கையைக் குறைத்து நிதானத்தைக் கூட்டுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். இது மாத்திரையோடு சேர்த்துச் செய்வது.

செம்பனைத் தோட்ட மண்டோர்: எனக்கு இனிப்புநீர். புரட்டாசிச் சனியும் சஷ்டியும் விரதம். ஊசி, மாத்திரை இரண்டும் உண்டு. என்ன செய்ய?

அண்ணே, இதில் நல்ல தரவு ரம்லான் நோன்பைப் பற்றித்தான் இருக்கிறது. எபிடியார் என்ற ஆய்வு 2001-இல் மலேசியா உட்பட 13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தது. இரண்டாம் வகை இனிப்புநீர் உள்ளவர்களுக்கு, சர்க்கரை கடுமையாக இறங்கும் சம்பவம் நோன்பு மாதத்தில் 7.5 மடங்கு கூடியிருந்தது. வெறும் வயிறும் மருந்தும் சேர்ந்தால் நம் விரதத்திலும் அதே ஆபத்துதான்.

எந்த மருந்து என்று பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை அபாயமாக இறங்குவது அரிது. கிளிக்லசைடு அல்லது இன்சுலின் என்றால், விரதத்துக்கு ஓரிரு வாரம் முன்பே அரசாங்க கிளினிக்கில் காட்டி, அளவையும் நேரத்தையும் மாற்றி வாங்குங்கள். நீங்களாகக் குறைக்க வேண்டாம். கடந்த 3 மாதத்தில் சர்க்கரை இறங்கி மயங்கியவர்களும், டயலிசிஸ் செய்கிறவர்களும், இன்சுலின் போடும் கர்ப்பிணிகளும் பட்டினி விரதம் இருக்கவே கூடாது.

விரத நாளில் விரலில் குத்திச் சோதிப்பதால் விரதம் கெடாது. சர்க்கரை 3.9 மில்லிமோலுக்குக் கீழே போனாலும் 16.6-க்கு மேலே போனாலும் அப்போதே முடித்துவிடுங்கள். இறங்கியிருந்தால் மூன்று சிறு கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பச் சோதியுங்கள். குலை வெட்டும் வேலையில் வியர்வையும் கை நடுக்கமும் வெயிலால் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். அதுதான் முதல் அறிகுறி. விரதம் விட்டதும் சவ்வரிசிப் பாயசத்தில் தொடங்கினால் சர்க்கரை ஒரேயடியாக ஏறிவிடும். முதலில் தண்ணீர், பிறகு பருப்பும் காயும், கடைசியில் சோறு.

இளைஞர் ஒருவர்: அலகு குத்துவதால் உடம்புக்குக் கெடுதல் என்கிறார் தாதியாக இருக்கும் என் அக்கா. ஆய்வு உண்டா?

உண்டு, அதுவும் நம் தைப்பூசத்தைப் பற்றியே. திமித்ரிஸ் ஸிகலாட்டாஸ் குழு மொரீஷியஸ் தமிழர்களிடம் கருவிகள் கட்டிப் பார்த்து 2019-இல் வெளியிட்டது. காவடி எடுத்தவர்களின் உடல் அளவீடுகளில் நீடித்த கெடுதல் தெரியவில்லை. மனநிறைவு கூடியதாகச் சொன்னார்கள், அதிகம் குத்திக்கொண்டவர்களுக்கு அது அதிகம். நாட்பட்ட நோயோடும் வறுமையோடும் இருந்தவர்கள்தான் கூடுதலாகக் குத்திக்கொண்டார்கள் என்பது மனத்தைத் தொடும் தகவல்.

உங்கள் அக்காவின் பயத்திலும் நியாயம் உண்டு. ஒருவருக்குக் குத்திய வேலால் மற்றவருக்குக் குத்தக்கூடாது. ஹெப்படைட்டிஸ் பி, சி அப்படித்தான் பரவும். இழுப்புத் (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டு 10 ஆண்டு ஆகியிருந்தால் முன்கூட்டியே போடுங்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து சாப்பிடுகிறவர் பால்குடத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பல்கலைக்கழக மாணவி: தோட்டத்து முதியவர்களின் பக்தியும் மனச்சோர்வும் பற்றி ஆய்வு செய்கிறேன். எந்தக் கேள்வித்தாள் சரி?

பக்திக்கு டியூக் பல்கலைக்கழகத்தின் டியூரெல் போதும், தங்கச்சி. 5 கேள்விதான்: கூட்டு வழிபாட்டுக்கு ஒன்று, தனி வழிபாட்டுக்கு ஒன்று, உள்ளார்ந்த ஈடுபாட்டுக்கு மூன்று. ஐந்தையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்குவதுதான் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. கூட்டு வழிபாடும் தனி வழிபாடும் எதிரெதிர் திசையில் போகலாம். கூட்டினால் இரண்டும் அடிபட்டுப்போகும். மூன்று பகுதியையும் தனித்தனியாகப் பகுத்தாயுங்கள்.

'ஆன்மிகம்' என்று பெயரிட்ட சில அளவுகோல்களில் 'என் மனம் அமைதியாக இருக்கிறது', 'என் வாழ்வுக்குப் பொருள் உண்டு' போன்ற வரிகள் இருக்கும். மனச்சோர்வு உள்ளவர் அதற்கு 'இல்லை' என்றுதானே சொல்வார்? ஒரே பொருளை இரண்டு பெயரில் அளந்துவிட்டு, தொடர்பு கண்டுபிடித்தேன் என்று எழுதுவதாகிவிடும். டியூக்கின் ஹெரால்டு கோனிக் இதைப் பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறார்.

மொழிபெயர்ப்புக்கு: இருவர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும், இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத வேறு இருவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும், ஒரு குழு சரிபார்த்தபின் 30, 40 பேரிடம் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையில் 'இந்தக் கேள்வி உங்களுக்கு என்னவாகப் புரிந்தது, பாட்டி?' என்று கேளுங்கள். தனி வழிபாட்டுக் கேள்வியில் இங்கே ஏறக்குறைய எல்லாரும் 'தினமும்' என்பார்கள், காலையில் சாமி விளக்கு ஏற்றுவதால். ஆளுக்கு ஆள் வேறுபாடு இல்லாத கேள்வியிலிருந்து எந்தத் தொடர்பும் வராது; எவ்வளவு நேரம், யாரோடு என்று துணைக்கேள்வி சேருங்கள். நடக்க முடிகிறதா என்பதையும் கட்டாயம் அளந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் முதல் பதிலில் சொன்ன குழப்பம் உங்களுக்கும் வரும்.

கோயில் தலைவர் பக்கத்தில் நிற்கும்போது யாரும் 'நான் கோயிலுக்குப் போவதில்லை' என்று சொல்லமாட்டார்கள். வீட்டு வாசலில் வைத்து, வாசித்துக் காட்டிக் கேளுங்கள். அரசாங்க கிளினிக் வழியாக ஆள் சேர்ப்பதானால் என்எம்ஆர்ஆர் என்ற தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும், எம்ஆர்இசி என்ற மருத்துவ ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் முதலில் வேண்டும்.

ஒரு தாயார்: மகனுக்குத் திருவிழா முடிந்தும் சாமி வருகிறது. கோயிலா, டாக்டரா?

திருவிழாவில் வந்து, மேளம் நின்றதும் இறங்கி, மறுநாள் வேலைக்குப் போனால் அது நோய் இல்லை. சமூகம் ஏற்ற சமய வழக்கத்தை உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 பட்டியலும் நோயாகக் கொள்வதில்லை. திருவிழா இல்லாத நாளிலும் வருவது, தூக்கம் கெடுவது, தனியே பேசுவது, யாரோ கெடுதல் செய்கிறார்கள் என்று அஞ்சுவது இருந்தால் இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப்போங்கள், அம்மா. தாமதம் கூடக் கூடக் குணமாவது கடினமாகும். கோயிலையும் விட வேண்டாம்.

தாதி ஒருவர்: 'முன்வினைப் பயன்', 'யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள்' என்று நோயாளியின் காதுபடவே உறவினர்கள் பேசுகிறார்கள். இதனால் பாதிப்பு உண்டா?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். கென்னத் பார்கமென்ட் குழு 2001-இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனையில் இருந்த 55 வயதுக்கு மேற்பட்ட 596 பேரை ஏறக்குறைய இரண்டாண்டு தொடர்ந்தது. 'கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டாரோ' என்று நினைத்தவர்களுக்கு இறக்கும் அபாயம் 28 விழுக்காடு கூடுதல். கடவுளின் அன்பைச் சந்தேகித்தவர்களுக்கு 22. சாத்தானின் வேலை என்று நம்பியவர்களுக்கு 19. நோயின் கடுமையைக் கழித்த பிறகு வந்த கணக்கு இது.

அதனால் அந்தப் பேச்சைக் கட்டில் பக்கத்தில் நிறுத்துங்கள். விளக்கம் சொல்லாமல், கேட்டுப் பாருங்கள்: 'இந்த நேரத்தில் சாமியைப் பற்றி என்ன தோன்றுகிறது, ஐயா?' 'நான் யாருக்கு என்ன பாவம் செய்தேன்' என்று பதில் வந்தால் மறுத்து வாதாட வேண்டாம். பேச விடுங்கள், அவர் மதிக்கும் பூசகரையோ பெரியவரையோ வரவழையுங்கள், டாக்டரிடமும் சொல்லிவையுங்கள்.

கோயில் செயலாளர் மீண்டும்: மாதம் ஒரு வெள்ளி ரத்த அழுத்தம் பார்க்க மேசை போடலாமா?

தாராளமாக. நியூயார்க்கில் 32 தேவாலயங்களில் நடந்த சோதனையில், தேவாலயத்துக்குள்ளேயே உணவு, உப்பு, மருந்து பற்றிய வகுப்பும் தனி ஆலோசனையும் கொடுத்தபோது, 6 மாதத்தில் மேல் அளவு மற்றவர்களைவிடச் சுமார் 6 புள்ளி கூடுதலாக இறங்கியது.

பிரகாரம் சுற்றி வந்தவுடன் பார்க்காதீர்கள். 5 நிமிடம் நாற்காலியில் சாய்ந்து, பாதம் தரையில் பட உட்காரட்டும். சம்மணம், கால்மேல் கால், பேச்சு மூன்றும் அளவை ஏற்றிக் காட்டும். அரை மணி நேரத்துக்குள் கோப்பி குடித்தவரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். பட்டையைச் சட்டைக் கைமேல் சுற்றாமல் தோல்மேல், இருதய உயரத்தில் கட்டுங்கள். பருத்த கைக்குப் பெரிய பட்டை ஒன்று தனியாக வாங்கி வையுங்கள். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் தடவை பாருங்கள். 140/90-க்கு மேல் என்றால் கிளினிக்குக்குச் சீட்டு. 180/120-க்கு மேலே போய் நெஞ்சுவலியோ பேச்சுக் குழறலோ இருந்தால் அப்போதே ஆம்புலன்ஸ். அளவை நோட்டில் பெயரோடு எழுதுங்கள். அடுத்த மாதம் வராதவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு, அந்த வாரத்துக்குள் யாராவது ஒருவர் லயத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.